ஒப்பனையும் ஒப்பும்

'ஒப்பனை' என்னும் சொல்லை வகுப்பறையில் விளக்க நேரும்போதெல்லாம் அதன் வேரையும் சேர்த்துச் சொல்வது எமது வழக்கம். ஒப்பு என்பதே அதன் அடி. பொருந்துதல், நிகராதல், ஏற்புடையதாதல் எனப் பல பொருள் அதற்குண்டு. ஒருவருக்குப் பொருந்துமாறு அணிசெய்வது ஒப்பனை. மேடையில் ஏற்கின்ற பாத்திரத்தோடு ஒத்திருக்குமாறு வேடம் புனைவதும் ஒப்பனையே. முன்னதில் ஆள் துலங்குகின்றார். பின்னதில் ஆள் மறைந்தாக வேண்டும். மறையாவிட்டால் நடிப்பு இல்லை. இவ்விரு வேறு தொழில்களும் இன்று திருமண நிழற்படக் கூடத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அக்கலப்பால் நம் பெண்மக்கள் சிலர் படும் பாட்டை அண்மையில் அருகிருந்து காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அதனை இம்மலரில் பதிந்து வைக்க விரும்புகின்றோம்.

தூத்துக்குடி மாநகரின் வடபால் அமைந்தது மாப்பிள்ளையூரணி. பெயரிலேயே மாப்பிள்ளையைக் கொண்ட ஊர். மாப்பிள்ளை தேடும் கவலைக்கு மட்டும் அங்கும் குறைவில்லை! கடலும் உப்பளமும் அப்பகுதி மக்களுக்குச் சோறிடுகின்றன. மழைக்காலம் நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதி உப்பு விளையும். விடியுமுன் அளத்திற்குச் செல்லும் பெண்கள் பாத்தியில் நின்று உப்பு வாருகின்றனர். தலைச்சுமையாகக் கொண்டுவந்து குவிக்கின்றனர். அங்கு வெயில் இருமுறை சுடும். மேலிருந்து ஒருமுறை, வெண்ணுப்பின்மீது பட்டுத் திரும்பி மற்றொருமுறை. கண்ணும் தோலும் அதற்கு விலை கொடுக்கின்றன. 'கரிப்பு மணிகள்' என்னும் புதினத்தில் ராஜம் கிருஷ்ணன் அவர்கள் இவ்வாழ்வை விரிவாக எழுதியிருக்கின்றார், படித்தோர் அறிவர்.

அவ்வூரிலிருந்து எம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவர். தாயார் அளத்தில் உப்பு வாரியே மகளை முதுகலை வரை படிக்க வைத்தவர். மாணவியின் நிறம் நல்ல கறுப்பு; களை பொருந்திய முகம். அவருக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது தரகர் முதலில் கேட்டது படம். "படம் பளிச்சென்று இருக்கட்டும்" என்பது அவர் இட்ட கட்டளை. நகரில் அழகுக்கலை நிலையமும் நிழற்படக் கூடமும் சேர்ந்து நடத்தும் திட்டம் ஒன்றிருந்தது. ஒப்பனை, பட்டுப்புடவை, வாடகை நகை, பத்துப் படங்கள் ஆகிய அனைத்திற்கும் ஒரே கட்டணம். "டீச்சர், நீங்க கூட வந்தா அவளுக்குத் தைரியமா இருக்கும்" என்று தாயார் அழைத்தார். சென்றோம்.

ஏறத்தாழ மூன்று மணி நேரம் அந்நாற்காலியருகே அமர்ந்திருந்தோம். தொழில் என்ற அளவில் அது பாராட்டத்தக்கதே என்பதை மறைக்க விரும்பவில்லை. முகம் துடைத்து ஈரப்பசை தடவி, 'பிரைமர்' இட்டு, கண்ணடிக் கருமையையும் தழும்பையும் 'கன்சீலர்' கொண்டு மறைத்து, அதன்மேல் 'ஃபவுண்டேஷன்' பூசி, பூச்சு கலையாதிருக்கப் பொடி ஒற்றி, பிறகு கண், புருவம், கன்னம், உதடு என ஒவ்வொன்றாக வந்தார் அந்த அம்மையார். கை நடுங்கவில்லை, கணக்குத் தப்பவில்லை. பொடியிலும் ஒரு நுட்பம் இருக்கின்றதாம். வெண்மை மிகுந்த சில பொடிகள் கண்ணாடியில் பார்க்கையில் தெரியா. நிழற்படக் கருவியின் மின்னொளி பட்டவுடன் மாவு பூசியதுபோல் முகம் வெளுத்துக் காட்டும். ஆதலால் ஒப்பனை முடிந்ததும் தம் கைப்பேசியால் மின்னொளியிட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்த பிறகே எழ விட்டார்.

ஃபவுண்டேஷன் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் எம் மனம் நின்றது. தாடையோரத்தில் சிறிது தடவிப் பார்த்து, தோலோடு கலந்து மறைகின்ற நிறத்தைக் கொள்வதே அத்தொழிலின் முறை. அந்த அம்மையாரும் அவ்வாறே தடவிப் பார்த்தார். பொருந்தும் புட்டியைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தபின் அதனை மூடி வைத்துவிட்டு, இரண்டு எண் வெளுத்த வேறொரு புட்டியை எடுத்தார்! ஏன் என்று வினவினோம்.

"எனக்குத் தெரியாமலா மேடம்? அவங்க நிறத்துக்கே போட்டா, மேக்கப்பே போடலன்னு சொல்லிப் பாதிக் காசுதான் தருவாங்க" என்றார்.

அவர்மீது சினம் கொள்ள எமக்குத் தோன்றவில்லை. தொழில் தெரியாமல் அவர் பிழைக்கவில்லை. தெரிந்த தொழிலைச் செய்யவிடாமல் ஊர் தடுக்கின்றது. முகம் வெளுத்ததும் கழுத்து வேறாகத் தெரிந்தது, கழுத்திற்கும் பூசினார். பின் முழங்கை வரை கைகளுக்கும் பூசினார். ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குக் காவலாகப் பல பொய் வேண்டும் என்பது பூச்சிற்கும் பொருந்தும்போலும்.

படம் வந்தது. அழகான படம். மாணவி அதனை வீட்டிற்குக் கொண்டு சென்றபோது யாமும் உடன் இருந்தோம். பார்வை மங்கிய ஆச்சி அதனைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது ஆரு புள்ளட்டி?" என்று பேத்தியைக் கேட்டார். எல்லாரும் சிரித்தனர். மாணவி சிரிக்கவில்லை.

படத்தைப் பார்த்து ஒரு வீட்டார் வந்தனர். உபசாரம் நடந்தது, காப்பி வந்தது. அவர்களுள் மூத்த பெண்மணி ஒருவர் கைப்பேசியிலிருந்த படத்தையும் எதிரே நின்ற பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டோ வேற மாதிரி இருந்துச்சே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் தரகர் வழியாக மறுப்பு வந்தது. படமே அனுப்பாமலிருந்தால் அவ்வீட்டார் வந்தே இருக்கமாட்டார்கள் என்பது மெய். ஆயினும் கறுப்பாக இருப்பவள் என்ற சொல்லோடு ஏமாற்றியவள் என்ற சொல்லும் அன்று அப்பெண்ணுக்குச் சேர்ந்து கிடைத்தது. பூசச் சொன்னவரும் பூசியவரும் படம் எடுத்தவரும் அனுப்பியவரும் பலர். பழி சுமந்தவர் ஒருவர்.

தமிழ் படித்தவர்க்கு இதில் வியப்பொன்று உண்டு. சங்கப் பாடல்களில் தலைவியின் நிறத்தைப் புலவர் 'மாமை' என்றனர். மாந்தளிர் போன்று கருமையும் செம்மையும் கலந்து ஒளிவிடும் நிறம் அது. அம்மாமை கெட்டு மேனி வெளிறுவதற்குப் 'பசலை' என்று பெயர். அது பிரிவுத் துயரின் அடையாளம். ஏறக்குறைய ஒரு நோய். திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுவதும் 'பசப்புறு பருவரல்' என அத்துன்பத்திற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. தலைவன் திரும்பி வந்தால் பசலை நீங்கும், மாமை மீளும். நாமோ மணமகன் வரவேண்டும் என்பதற்காகப் பணம் கொடுத்துப் பசலை பூசிக்கொள்கின்றோம். நெய்தல் பாடிய அம்மூவனார் அகநானூற்று 140ஆம் பாடலில், நெல்லுக்கு உப்பை மாற்றக் கூவிச் செல்லும் உமணர் மகளைக் காட்டுகின்றார். அவள் குரல் புதிதாக இருந்தமையால் வீட்டு நாய்கள் குரைக்கின்றன. அவளைக் கண்டு ஒருவன் நெஞ்சம் தடுமாறி நிற்கின்றான். உப்பு விற்ற அந்தப் பெண் வெயிலில் நடந்தவள்தானே? அவள் மேனி வெளுத்திருந்ததாக அப்புலவர் எங்கும் சொல்லவில்லை.

மாமையைத் தாழ்த்தியதில் கருவிக்கும் ஒரு பங்குண்டு. 1839இல் பாரிசில் டகேர் கண்ட முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது முதலாகவே நிழற்படம் உள்ளதை உள்ளவாறு காட்டும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் தொடக்ககாலப் படச்சுருள்கள் செந்நிற ஒளியை உணராதவை. சிவந்த உதடும் செம்மை கலந்த தோலும் அவற்றில் கறுத்து விழுந்தன. ஆகவே திரைநடிகர்கள் வேறு நிறங்களைப் பூசிக்கொண்டு நின்றனர். வண்ணப்படம் வந்தபோது மாக்ஸ் ஃபாக்டர் நிறுவனத்தார் அதற்கெனப் 'பான்கேக்' பூச்சை உருவாக்கினர். 1937இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படமொன்றில் அது பயன்பட்டது. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் அப்பூச்சு வண்டி வண்டியாக வந்திறங்கியதையும், நல்ல முகங்கள் அங்கே விகாரமாக்கப்பட்டதையும் அங்குப் பணிபுரிந்த அசோகமித்திரன் நகைச்சுவை ததும்ப எழுதியிருக்கின்றார்.

இன்னொரு செய்தி பலரும் அறியாதது. கோடாக் நிறுவனம் வண்ணப்படங்களை அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் இருக்கும். அவள் தோல் சரியாக வந்தால் அச்சு சரி என்பது அளவுகோல். முதலில் அமர்ந்த பெண்ணின் பெயரால் அதற்கு 'ஷிர்லி அட்டை' என்ற பெயர் நிலைத்தது. கறுத்த முகங்கள் அவ்வச்சில் பல்லும் கண்ணும் மட்டும் தெரிய இருண்டு போயின. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வரலாறு காணப்படுகின்றது. படச்சுருளைத் திருத்தத் தூண்டியவை கறுப்பு மக்களின் குறைகள்கூட அல்லவாம். எம் மரச்சாமான்களின் வேறுபாடு படத்தில் தெரியவில்லை, எம் சாக்லேட்டின் நிறம் தெரியவில்லை என்று வணிகர்கள் முறையிட்ட பிறகே அந்நிறுவனத்தார் கருமையின் நுட்பங்களைக் கவனித்தனராம்! மனித முகத்திற்கு இல்லாத மதிப்பு மேசை நாற்காலிக்கு இருந்தது. 2022இல் அமெரிக்கப் பேராசிரியர் எல்லிஸ் மங்க் அவர்களின் பத்துப்படி நிற அளவுகோலைக் கூகுள் நிறுவனம் வெளியிட்டது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். குறை உணரப்பட்டுள்ளது. ஆயினும் இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயரை மாற்றிக்கொண்டபோது, வாங்குவோர் மனம் எவ்வளவு மாறியது என்பது தரகர்களைக் கேட்டால் தெரியும்.

வேடத்தின் வலிமையைத் தூத்துக்குடி மண் முன்பே அறியும். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் இந்நகரை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அச்சந்தரும் வேடங்களில் அவர் பெரும்பெயர் பெற்றிருந்தார். சனீஸ்வரன் வேடமிட்டு நடித்த இரவு கழிந்து, விடியற்காலையில் பூச்சைக் கழுவ நீர்நிலைக்குச் சென்றபோது, எதிர்ப்பட்ட பெண்ணொருத்தி அஞ்சி உயிர்விட்டாள் என்றும், அதன்பின் அவர் வேடமிடுவதையே விட்டுவிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. மேடைக்கு வெளியே வந்த வேடம் ஓர் உயிரின் கணக்கில் சேர்ந்ததாக அவர் கருதியிருக்கின்றார். அவ்வளவு நுண்ணிய உணர்வு இன்றைய தரகர்களிடம் எதிர்பார்க்கத்தக்கதன்று.

நம் சமுதாயப் பெரியோர்க்கு இவ்விடத்தில் ஒரு வினா எழக்கூடும். உருவப்படமே கூடுமா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டே என்பது அவ்வினா. உண்மைதான். எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள் நிழற்படம் கூடும் எனத் தனி நூலே எழுதினார். கூடாது என்றோரும் தக்க சான்றுகளோடு மறுத்தனர். எம் பாட்டியார் தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் படக்கருவிமுன் அமர்ந்தார். ஹஜ் பயண ஆவணத்திற்காக எடுத்த அப்படத்தில் வெள்ளைத் துப்பட்டிக்குள் சுருக்கம் விழுந்த முகம் நேரே பார்க்கின்றது. பூச்சில்லை, சிரிப்புமில்லை. அவர் மறைந்தபின் குடும்பத்தார் அனைவரும் நகலெடுத்து வைத்திருப்பது அதைத்தான். முகத்தைச் சொல்லாலேயே வரைந்து காக்கும் வேறொரு மரபும் நமக்குண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமேனி அழகைக் கண்டவர் சொன்னவாறே இமாம் திர்மிதி தம் 'ஷமாயில்' நூலில் தொகுத்தார். கூட்டாமல் குறைக்காமல் உரைப்பதே அங்கு அழகு.

எமக்கோ, படம் கூடுமா என்பதினும் படம் எதற்குச் சாட்சி என்பதே இங்குப் பெரிய வினாவாகப் படுகின்றது. சுர்மாவும் மருதாணியும் நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டவை அல்ல. மணம் புரிய விரும்பும் பெண்ணைப் பார்த்துக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்களே தோழர் ஒருவருக்கு அறிவுறுத்தியிருக்கின்றார்கள். ஆனால் நோயால் முடி உதிர்ந்த மணப்பெண்ணுக்கு வேற்று முடி ஒட்டலாமா என்று ஒரு தாய் கேட்டபோது அனுமதி கிடைக்கவில்லை. இருப்பதை மறைத்து இல்லாததைக் காட்டும் செயலைச் சட்ட அறிஞர்கள் 'தத்லீஸ்' என்பர். மணத்திலும் வணிகத்திலும் அது விலக்கு. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரமிருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், மக்கள் காணுமாறு அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கடிந்த செய்தியும் நாம் அறிந்ததே.

ஆயினும் இவ்வுவமையை மாணவியின் நிறத்திற்குப் பொருத்துவோர் ஒன்றை மறக்கின்றனர். ஈரம் தானியத்திற்குக் குறை. கறுப்பு முகத்திற்குக் குறையன்று. குறையில்லாததைக் குறையென்று முதலில் தீர்ப்பளித்துவிட்டு, அதனை மறைக்கவும் சொல்லி, மறைத்தபின் ஏமாற்று என்றும் பழிப்பது எவ்வகை நீதி? ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு இறுதிப் பேருரையில் வெள்ளையருக்குக் கறுப்பரைவிட மேன்மையில்லை என்று முழங்கப்பட்டதை மேடைதோறும் சொல்கின்றோம். பிலால் (ரலி) அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்கின்றோம். மருமகள் தேடும்போது மட்டும் "சிவப்பா இருக்கா?" என்பதே முதற்கேள்வி. இதில் மத வேறுபாடு எதனையும் யாம் கண்டதில்லை.

முத்துக் குளித்த கடற்கரைக்கு இது தெரியாததும் அன்று. மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அந்நாளைய வணிகர்கள் முத்தைத் தரம் பிரிக்கத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகள் பத்து வைத்திருந்தனர். 20 துளையுள்ளது முதல் 1000 துளையுள்ளது வரை. சல்லடை பருமனை மட்டுமே சொல்லும். அதன்பின் கையில் எடுத்து வடிவும் ஒளியும் பார்ப்பர். திரட்சியும் உள்ளொளியும் உடையதே ஆணிமுத்து எனப்பட்டது. வெளுத்தும் ஒளியற்றது விலை போகாது. ஒளி வேறு, வெண்மை வேறு என்பதைப் பிரித்தறிந்த கண்கள் இக்கரையில் இருந்தன.

மாணவியின் இரண்டாம் படம் சில மாதங்களுக்குப்பின் எடுக்கப்பட்டது. ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிக்கத் தம் முகத்தோடு ஒத்த படம் வேண்டுமே! படச்சுருள் காலத்திலிருந்தே தொழில் செய்யும் பெரியவர் ஒருவர் அப்பகுதியில் இருக்கின்றார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. "இங்க விட அளத்துல வச்சு எடுத்தா நல்லாருக்கும் மிஸ், வாரீயளா?" என்று எம்மைக் கேட்டார். காலை ஏழு மணிக்குள் சென்றோம்.

உப்புக் குவியலுக்குமுன் ஆளை நிறுத்திப் படமெடுப்பது எளிதன்று என்பதை அங்கு அறிந்தோம். கருவி தன்னிச்சையாக ஒளியை அளந்தால் அவ்வளவு வெண்மையையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்று கொண்டு, ஒளியைக் குறைத்துவிடுமாம். உப்பு மங்கும், முகம் கரியாகும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது எம் மாணவியர் கைப்பேசியில் எடுத்த படங்கள் பல அவ்வாறு இருண்டு போனதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அண்ணாச்சி வேறு செய்தார். குவியலைப் பெண்ணுக்குப் பின்னால் வையாமல் எதிரில் வைத்தார். எழுகதிர் முதுகுப்புறம். உப்பின்மேல் பட்டுத் திரும்பிய ஒளி மெத்தென்று முகத்தில் விழுந்தது. முகத்திற்கு மட்டும் ஒளியை அளந்து கொண்டார். ஒப்பனை என்று இருந்தது எண்ணெய் தடவி வாரிய தலையும், கண்ணுக்கு மையும், பருத்திப் புடவையும். கன்னத்தெலும்பின்மீது ஒளி வழுக்கி நின்றது. மாந்தளிரைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை உரை சொன்ன எமக்கு மாமை என்பது கண்ணுக்குப் புலனானது அன்றுதான்.

தற்போது அவர் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. அடையாள அட்டையில் இருப்பது அந்தப் படம். தரகரிடமும் அதனையே கொடுக்க வேண்டுமென்று மகள் உறுதியாகச் சொல்லிவிட்டார். அதைப் பார்த்து இதுவரை இரண்டு வீட்டார் வந்து சென்றிருக்கின்றனர், எதுவும் முடிவாகவில்லை. முதற்படத்தைத் தாயார் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கின்றார். அதையும் சேர்த்து அனுப்பிப் பார்ப்போமா என்று மாதம் ஒருமுறையேனும் மகளைக் கேட்கின்றாராம்.